கல்லறைத் தோட்டத்துப் பேய்க்கதையின் வேரைத் தேடுவது எப்படி?

பேய்க்கதை கேட்பது சுகம். அது எப்படிப் பிறந்தது என்று தேடிப் போவது அதைவிடச் சுகம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு லண்டனின் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது.

படி 1: முதலில் இடம், அப்புறம்தான் பேய்

ஹைகேட் 1839-இல் திறக்கப்பட்டது. எகிப்தியப் பாணி வாயில், ஒரு கேதுரு மரத்தைச் சுற்றி வட்டமாக எழுப்பிய கல்லறை அறைகள் என்று விக்டோரியா காலத்துச் செல்வந்தர்கள் இங்கே இழைத்து இழைத்துக் கட்டினார்கள். பிறகு வருமானம் வற்றியது. 1960களில் மேற்குப் பகுதி காடாகிவிட்டது. சாய்ந்த கற்கள், உடைந்த அறைகள், நரிகள். இங்கே பேய் உலவுகிறது என்ற பேச்சு 1970-இல் ஏன் சூடுபிடித்தது என்பதற்குப் பாதி விடை இந்தக் காட்டிலேயே இருக்கிறது.

படி 2: முதலில் அச்சேறிய வடிவத்தைப் பிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். 1970 பிப்ரவரியில் டேவிட் ஃபாரன்ட் என்பவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்வைன்ஸ் லேன் என்ற தெருப் பக்கத்துக் கல்லறைத் தோட்ட வாயிலுக்குள் பேய் போன்ற உருவத்தை மூன்று முறை பார்த்ததாகவும், முதல் முறை கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்றும் சொன்னார். அதில் ரத்தக் காட்டேரி என்ற பேச்சே இல்லை.

படி 3: சாட்சிகளைக் கட்டம் போட்டு எழுதுங்கள்

யார் சொன்னது, எந்த இடம், என்ன உருவம், நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா? ஃபாரன்ட்டின் கடிதத்துக்கு வாசகர்கள் எழுதிய பதில்களை இப்படி எழுதினால் தொப்பி போட்ட உயரமான ஆள், வெள்ளை உடைப் பெண், சைக்கிள் ஓட்டும் பேய், மணியோசை என்று பட்டியல் நீளும். ஒன்றோடொன்று ஒத்துப்போவது அரிது. அந்த முரணை மறைக்காமல் அப்படியே குறித்துவையுங்கள்.

படி 4: கதை எங்கே திசை மாறியது?

ஷான் மான்செஸ்டர் என்பவர் அது ரத்தக் காட்டேரி என்றார். 1970 மார்ச் 13, வெள்ளிக்கிழமை, தொலைக்காட்சியில் இதைப் பற்றிய பேட்டி ஒளிபரப்பானது. அன்றிரவே காட்டேரியைத் தேடி ஒரு கூட்டம் கல்லறைத் தோட்டத்துச் சுவரேறிக் குதித்தது.

படி 5: உண்மை நிகழ்ச்சியைத் தனியாகப் பிரித்துவையுங்கள்

ஹைகேட்டின் இன்னொரு கதையைப் பாருங்கள். இங்கே அடக்கமான எலிசபெத் சிடல் 1862-இல் இறந்தார். கணவரான கவிஞர் ரோசெட்டி தன் கவிதைக் கையெழுத்துப் படியைச் சவப்பெட்டியில் வைத்தார். 1869-இல் அதை எடுக்கச் சவக்குழியைத் தோண்டினார்கள். இவ்வளவும் நடந்தது. சிடலின் கூந்தல் பெட்டி நிறைய வளர்ந்திருந்தது என்பது கட்டிவிட்ட கதை. இறந்த உடலில் முடி வளராது.

படி 6: நேரில் போவதானால்

பகலில், நுழைவுச்சீட்டு வாங்கிப் போங்கள். அங்கே இன்றும் அடக்கம் நடக்கிறது. புதிய கல்லறைகளைப் படம் எடுக்காதீர்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் பேயைப் பற்றிக் கேட்காதீர்கள்.