சி டிரைவை ஃபோர்மட் செய்தாலும் போகாத வைரஸ்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் பிரிண்ட் எடுக்கக் கடைக்குக் கொண்டுபோன பென்டிரைவை வீட்டுக் கணினியில் செருகியபடியே விட்டுவிடாதீர்கள். கரண்ட் போய் வந்து, கணினியைத் திரும்பப் போடும்போது பயோஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) முதலில் பென்டிரைவைத் தேடினால், அதிலிருக்கும் பூட் வைரஸ் விண்டோஸுக்கு முன்னமே ஓடிவிடும். பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்க்கை முதலாவதாக வையுங்கள். பயோஸுக்குப் பதிலாக யூஈஎஃப்ஐ உள்ள புதிய கணினியென்றால், நம்பகமான தொடக்க நிரலை மட்டும் ஓடவிடும் செக்கியூர் பூட்டை நிறுத்தவே வேண்டாம்.

பழைய எம்பிஆர் முறை டிஸ்க்கில் பூட் வைரஸ் பிடிப்பது, தொடக்க நிரலும் பார்ட்டிஷன் அட்டவணையும் (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்) இருக்கும் முதல் 512 பைட்டை. அந்த இடம் சி டிரைவுக்கு வெளியே இருப்பதால் ஃபோர்மட் அதைத் தொடாது. வைரஸ் இல்லாத வேறொரு கணினியில் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து தொடங்குங்கள். கட்டளை தட்டும் திரையான கொமாண்ட் புரொம்ப்டில் முதலில் உங்கள் கோப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் மட்டும் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' (bootrec /fixmbr) கட்டளையைக் கொடுங்கள். அது தொடக்க நிரலை மட்டும் புதிதாக எழுதும், பார்ட்டிஷன் அட்டவணையை விட்டுவிடும்.

இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சில வைரஸ்கள் அந்த அட்டவணையையே இடம்மாற்றி ஒளித்திருக்கும். அவசரப்பட்டு நிரலை அழித்தால் கோப்புகளுக்குப் போகும் வழியும் சேர்ந்து அழியும். கோப்புகள் தெரியாவிட்டால் அத்துடன் நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.