"நான் யாரு, சொல்லு பார்ப்போம்": தலையில் அடிபட்டவரிடம் வீட்டார் செய்யும் தவறுகள்

தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முந்தின இரவு, ஹாலில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தை மாமா கழற்றினார். மாலை, சீரியல் பல்பு எல்லாம் பரணுக்குப் போயின. ஆணியை மட்டும் விட்டுவிட்டார். மறுநாள் தம்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த ஆணியைத்தான் பார்த்தான். "அக்கா, அங்க என்ன இருந்துச்சு?" என்றான். "காலண்டர்டா" என்றேன்.

அந்தக் காலண்டரில் ஆரம்பித்து நாங்கள் செய்யாத தவறு கிடையாது. திண்டிவனம் பக்கம் பைபாஸில் பைக் சறுக்கிய விபத்து. தம்பி ஓட்டினான், அப்பா பின்னால் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா அன்று இரவே போய்விட்டார். தம்பிக்கு மண்டைக்குள் ரத்தக்கசிவு, ஆபரேஷன், 26 நாள் ஆஸ்பத்திரி. விபத்துக்கு முந்தைய மூன்று மாதம் அவனிடம் இல்லை. அதைவிடக் கஷ்டம், காலையில் சொன்னது மத்தியானம் நிற்காது. இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது யாராவது இதே நிலையில் போன் செய்தால் நான் முதலில் சொல்வது, நாங்கள் எங்கெங்கே சறுக்கினோம் என்பதைத்தான்.

பதினஞ்சுக்கு பதினஞ்சு

ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்களுக்கு ஜி.சி.எஸ். (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) என்ற மூன்றெழுத்து மனப்பாடம். கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-ல் வகுத்த அளவுகோல் அது. 3-லிருந்து 15 வரை மதிப்பெண். தம்பிக்கு 15 வந்த அன்று சித்தப்பா வார்டு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். ஆனால் கண் திறக்கிறாரா, தான் யார் எங்கே இருக்கிறோம் என்று பேசுகிறாரா, சொன்னபடி கை காலை அசைக்கிறாரா என்பதைத்தான் அந்த 15 சொல்லும். நேற்று வந்து போனவர் நினைவில் இருக்கிறாரா என்பதை அது அளக்காது.

சுயநினைவு திரும்பியதற்கும் நினைவாற்றல் திரும்பியதற்கும் நடுவே ஒரு குழப்பமான காலம் இருக்கிறது. பேசுவார், சாப்பிடுவார், ஆளைக்கூடத் தெரியும், ஆனால் நடப்பது எதுவும் உள்ளே தங்காது. இந்தக் காலம் ஒரு வாரத்தைத் தாண்டினால் காயம் கடுமையானது என்று கணக்கு. தம்பிக்கு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தது. டிஸ்சார்ஜ் செய்தபோது இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேளுங்கள்: "டாக்டர், இன்னிக்கு நடக்கிறது நாளைக்கு இவருக்கு ஞாபகம் இருக்குமா?" இந்த ஒரு கேள்வி போதும்.

வீட்டுக்கு வீடு வாத்தியார்

பார்க்க வந்த ஒவ்வொருவரும் தம்பிக்குப் பரீட்சை வைத்தார்கள். "நான் யாரு, சொல்லு பார்ப்போம்." ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்த கையோடு இதுதான் முதல் கேள்வி. பெரியம்மா ஒரு படி மேலே போய், "நல்லா யோசி, உன் கல்லூரி பீஸ் யாரு கட்டினது?" என்று கேட்டார். தெரியாமல் அவன் முழிப்பான். அவர்கள் முகம் சுருங்கும். அதைப் பார்த்து இவன் எதையாவது சொல்லுவான். தப்பாகச் சொல்லுவான்.

அந்தத் தப்புதான் விஷயம். நாம் ஒரு விடையைத் தப்பாகச் சொன்னால், திருத்தப்பட்டதை நினைவில் வைத்து அடுத்த முறை தவிர்க்கிறோம். நினைவாற்றல் பாதிக்கப்பட்டவருக்கு அந்தத் திருத்தம் மறந்துவிடும். வாயில் வந்த தப்பான விடை மட்டும் பழகிப்போகும். ஆலன் பாடலி, பார்பரா வில்சன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1994-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஊகிக்க விட்டுத் திருத்துவதைவிட, தப்பு செய்ய வாய்ப்பே தராமல் சரியானதை முதலிலேயே சொல்லிக் கொடுத்தால் இவர்கள் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. எதிர்வீட்டு அக்காவை ஒரு நாள் ஊகித்து "செல்வி" என்றான். அவர் பெயர் வேறு. இன்று வரை அவர் செல்விதான். அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? உள்ளே நுழையும்போதே பெயரைச் சொல்லிவிட வேண்டும். "தம்பி, நான் பெரியம்மா வந்திருக்கேன், விழுப்புரத்துல இருந்து." அவ்வளவுதான். நாங்கள் வாசற்கதவில் ஒரு தாள் ஒட்டினோம்: "கேள்வி கேட்காதீர்கள். பெயரைச் சொல்லிப் பேசுங்கள்." சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

ஆனால் எதுவுமே கற்க முடியாது என்று முடிவு கட்டுவதும் தவறு. 1953-ல் வலிப்புக்காக மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு அதன்பின் புது நினைவு எதுவும் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தைக் கோடு பிசகாமல் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததே இல்லை என்றார். கையின் பழக்கம் மூளையில் வேறு இடத்தில் தங்குகிறது. அதனால்தான் மாத்திரை டப்பா எப்போதும் ஒரே இடத்தில், மணி அடித்தால் அங்கே போவது, விழுங்கியதும் நோட்டில் டிக் போடுவது என்று ஒரே வரிசையில் பழக்கினோம். இரண்டு மாதம் கூடவே நின்றோம். இப்போது தானே செய்கிறான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், "இதுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கணுமா?" என்கிறான்.

அந்த லாரி

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், ஆஸ்பத்திரிக்கும் போய்த் தம்பியிடம், "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். ஒரு லாரி இடித்ததாகத் தம்பி விலாவாரியாகச் சொன்னான். நம்பரின் கடைசி இரண்டு எண்கூடச் சொன்னான். ஊர் முழுக்க லாரி ஓடியது. லாரியே இல்லை. சாலையோரம் கொட்டியிருந்த மணலில் பைக் சறுக்கியதைப் பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

அவன் பொய் சொல்லவில்லை. நினைவில் ஓட்டை விழுந்தால் மூளை தானாகவே கிடைத்ததை வைத்து ஒட்டுப்போடும். சொல்பவருக்கு அது உண்மையாகவே இருக்கும். விபத்து நேர்ந்த கணமோ, பெரும்பாலும் திரும்பி வராது. ஏனென்றால் அது பதிவாகவே இல்லை. நடப்பது நினைவாக இறுக நேரம் வேண்டும், அந்த நேரத்துக்குள் அடி விழுந்துவிட்டது. உள்ளே எங்கேயோ பூட்டிக் கிடக்கிறது, சாவியைத் தேடினால் போதும் என்று நினைப்பது நம் சினிமா செய்த வேலை. மண்டையில் இன்னொரு அடி விழுந்தால் எல்லாம் திரும்பி வரும் என்று நம்மைச் சிரிக்காமல் நம்ப வைத்தவர்கள் அவர்கள். இரண்டாவது அடி உயிருக்கே ஆபத்து.

எனவே தோண்டாதீர்கள். விபத்து நடந்த இடத்துக்குக் கூட்டிப்போய் "இங்கதான், பாரு" என்று காட்டாதீர்கள். ஆளுக்கொரு கதை சொல்லாதீர்கள். தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நாலு வரி பேசி வைத்துக்கொள்ளுங்கள். "நான்தான் வண்டி ஓட்டினேனா?" என்று ஒரு நாள் கேட்பார். எங்களிடம் கேட்டான். மாமா, "இல்லடா, அப்பாதான்" என்று அவசரமாகச் சொன்னார். ஆறு மாதம் கழித்து இழப்பீட்டு வழக்குத் தாளில் அவனே உண்மையைப் படித்தான். அன்று அவன் அழுத அழுகையில் பாதி அப்பாவுக்காக இல்லை, மாமா ஏமாற்றியதற்காக.

"அப்பா வெளியூர் போயிருக்கார்"

இதில்தான் நாங்கள் மோசமாகத் தவறினோம். தம்பிக்குத் தெரியக்கூடாது என்று அம்மா பொட்டு வைத்துக்கொண்டு அவன் அறைக்குள் போவார். சமையலறைக்குத் திரும்பியதும் முந்தானையால் அழித்துக்கொள்வார். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. (கணவன் போனால் பொட்டை ஏன் அழிக்க வேண்டும் என்பது தனிக் கேள்வி. அம்மாவிடம் அதை அப்போது கேட்க முடியவில்லை.) அப்பா பெங்களூர் போயிருக்கிறார் என்றோம். போன் போடு என்றான். சுவிட்ச் ஆஃப் என்றோம். அவனுக்கு அந்த உரையாடல் மறந்துவிடும் என்பதுதான் எங்கள் தைரியம்.

மறக்கத்தான் செய்தது. ஆனால் அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. காரணம் தெரியாமல் சாயங்காலமானால் அழுவான், தட்டைத் தள்ளுவான். 2010-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் காட்சி மறந்துபோனது. சோகம் போகவில்லை. இதை எங்களுக்குச் சொன்னவர் ஒரு மறுவாழ்வு சிகிச்சையாளர். "நீங்க மறைக்கிறீங்கன்னு அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனா வீட்ல என்னவோ சரியில்லன்னு உடம்புக்குத் தெரியும்" என்றார்.

அவர் சொன்னபடி செய்தோம். குழப்பக் காலம் முடிந்துவிட்டது என்று டாக்டர் உறுதி செய்த பிறகு, காலையில், அவன் களைக்காத நேரத்தில், டி.வி.யை அணைத்துவிட்டு, அம்மாவும் நானும் மட்டும் உட்கார்ந்து சொன்னோம். "தவறிட்டார்", "சாமிகிட்ட போயிட்டார்" என்று சுற்றாமல், "அப்பா இறந்துட்டார்டா. விபத்து நடந்த அன்னிக்கு ராத்திரி" என்றோம். பிறகு பரணிலிருந்து படம் இறங்கியது.

மறுநாள் மறுபடி கேட்டான். இதற்குத் தயாராக இருங்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி. "நேத்துதானே சொன்னேன்" என்ற வார்த்தை மட்டும் வரவே கூடாது. அதேபோல, அவர் கேட்காதபோது ஞாபகம் இருக்கிறதா என்று நாமாகச் சோதிக்கவும் கூடாது. அவனுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் விபத்து, அப்பா, அடக்கம் செய்த இடம், யார் யார் வந்தார்கள் என்று எழுதி, ஒரு போட்டோவும் ஒட்டினோம். கேட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பிச் சேர்ந்து படிப்போம். ஆறேழு வாரத்தில் கேட்பது குறைந்தது.

சின்னதாகத் தெரியும் சில

வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்துவது: சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். வல்லாரையைத் துவையலாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள், போன நினைவை அது கொண்டுவரும் என்று மட்டும் லேகியத்துக்குக் காசு கொட்டாதீர்கள். பைக் சாவி கண்ணில் படக்கூடாது. எரிந்து விழுவதும், காலை பத்து மணிக்கே படுத்துவிடுவதும் திமிரோ சோம்பலோ இல்லை. அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினாலே போதும்.

அப்புறம், "ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்." எங்களிடம் இதைச் சொன்னவர்களைக் கணக்கெடுத்தால் ஒரு மண்டபம் நிரம்பும். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவருக்குக் கோபம், பணம், முடிவெடுப்பது எல்லாமே மாறியிருக்கலாம். அதை மறைத்து ஒரு பெண்ணைக் கொண்டுவருவது அவளுக்குச் செய்யும் துரோகம். அம்மா ஒரு ஜாதகத்தைக் கையில் வாங்கியும்விட்டார். பெண் வீட்டாரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டலாமா என்று கேட்டேன். ஜாதகம் திரும்பிப் போனது.

காகித வேலையிலும் ஒரு கண் வேண்டும். வாரிசுச் சான்றிதழ், வங்கிப் படிவம் என்று குழப்பக் காலத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். பின்னால் அது செல்லாது என்று யாராவது கிளப்பலாம், அவருக்கே வாங்கியது தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போடச் சொல்கிறது. எனவே எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பி இரண்டையும் முதல் மாதமே வாங்கி வையுங்கள். நினைவாற்றல் எவ்வளவு போயிருக்கிறது என்பது ஸ்கேனில் முழுதாகத் தெரியாது. நினைவு, கவனம், யோசிக்கும் திறன் ஆகியவற்றைச் சோதித்து அளக்கும் நியூரோசைக்காலஜி மதிப்பீடு எழுதி வாங்க வேண்டும். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் அதற்கென்று தனிப் பிரிவே உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையத்தில் மூளைக்காய மறுவாழ்வுச் சிகிச்சை தருகிறார்கள். பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள், முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் நிற்காது, மெதுவாகும்.

அம்மா அழவே இல்லை

தம்பியைக் கவனிக்கிற பரபரப்பில் அம்மாவுக்குக் கணவன் செத்துப்போனது எங்களுக்கே மறந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் "பையன் எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்டார்கள். முதல் தீபாவளிக்கு அப்பாவுக்குப் படைக்கும்போது இலையை வைத்துவிட்டு அம்மா எழுந்திருக்கவே இல்லை. அன்று இரவு 14416-க்குப் போன் செய்தேன், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலேயே பேசினார்கள். அம்மா முதலில் போனை வாங்க மாட்டேன் என்றார், அப்புறம் நாற்பது நிமிஷம் பேசினார். பாதிக்கப்பட்டவர் ஒருவர்தான் என்று எண்ணாதீர்கள்.

தம்பி இப்போது சித்தப்பாவின் ஹார்டுவேர் கடையில் அரைநாள் இருக்கிறான். நோட்டு மூன்றாவது மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்தை நான்தான் பார்த்து எழுதுவேன், இந்த முறை அவனே எழுதினான். என் வரிகளுக்குக் கீழே, சாய்ந்த கையெழுத்தில், அவனாக ஒன்று சேர்த்திருந்தான்: "அம்மாகிட்ட கேக்காத. அக்காவுக்குப் போன் பண்ணு."