சூரிகாட்டா ஐபிஎஸ்: கமாண்ட் லைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க்கின் நடுவில் நின்று ஆபத்தான பாக்கெட்டுகளைத் (தரவுத் துண்டுகளை) தடுக்கும் மென்பொருள் ஐபிஎஸ். சூரிகாட்டா அப்படிப்பட்ட ஒன்று. டெர்மினலில் ஒரு கட்டளை தப்பினால், வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் இணைப்பு அங்கேயே அறுந்துவிடும்.

நிறுவியவுடன் எல்லா விதிகளையும் ‘டிராப்’ (பாக்கெட்டைத் தடு) ஆக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. சில நாட்கள் எச்சரிக்கை மட்டும் தரும் ‘அலர்ட்’டிலேயே ஓடட்டும். சூரிகாட்டா எழுதும் ஈவ் ஜேசன் லாக்கை, ஜேசன் கோப்புகளைப் படிக்கும் ஜேக்யூ கட்டளை கொண்டு வடிகட்டி, எந்த விதி எண் ஓயாமல் வருகிறது, அதில் நம்முடைய பேக்கப் சர்வரே மாட்டுகிறதா என்று பாருங்கள். சந்தேகமே இல்லாதவற்றை மட்டும் டிராப்புக்கு மாற்றுங்கள். இதற்கு நேர்மாறும் நடக்கிறது: விதியில் டிராப் இருக்கும், ஆனால் சூரிகாட்டா பாக்கெட்டின் நகலை மட்டும் பார்க்கும் ஐடிஎஸ் நிலையில் ஓடும். லாக்கில் அலர்ட் குவியும், ஒரு பாக்கெட்டும் நிற்காது.

லினக்ஸின் ஃபயர்வால் கட்டளையான ஐபிடேபிள்ஸ் மூலம் பாக்கெட்டுகளை என்எஃப்கியூவுக்கு (சூரிகாட்டா பாக்கெட்டுகளை எடுத்துப் பார்க்கும் வரிசைக்கு) அனுப்பும் இடம்தான் ரொம்ப ஆபத்து. கியூவைக் கேட்க எந்த நிரலும் இல்லையென்றால் கெர்னல் பாக்கெட்டுகளைக் கைவிட்டுவிடும். சூரிகாட்டாவைத் தொடங்காமல் இன்புட் செயினில் (சர்வருக்குள் வரும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியலில்) அந்த ஐபிடேபிள்ஸ் வரியைச் சேர்த்தால், தொலைவிலிருந்து நீங்கள் உள்ளே வந்த எஸ்எஸ்எச் இணைப்பும் உறைந்துபோகும். ‘கியூ-பைபாஸ்’ ஆப்ஷன் சேர்த்தால் போக்குவரத்து நிற்காது. ஆனால் சூரிகாட்டா விழுந்து கிடக்கும் நேரத்தில் எதுவும் சோதிக்கப்படாது. சேவை முக்கியமா, பாதுகாப்பு முக்கியமா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். எதுவானாலும், ஐந்து நிமிடத்தில் அந்த வரியை நீக்கும்படி குறித்த நேரத்தில் வேலையைச் செய்யும் ‘அட்’ கட்டளையில் சொல்லிவைத்துவிட்டு மாற்றத்தைச் செய்யுங்கள். இன்னொரு டெர்மினலில் புதிதாக லாகின் ஆக முடிந்தால் அப்புறம் அந்த ‘அட்’ வேலையை ரத்து செய்யலாம்.

தொல்லை தரும் விதியை சூரிகாட்டா டாட் ரூல்ஸ் கோப்பிலேயே திருத்துவதும் வீண். அடுத்த முறை விதிகளைப் புதுப்பிக்கும் சூரிகாட்டா-அப்டேட் ஓடியதும் அந்தக் கோப்பு புதிதாக எழுதப்படும், திருத்தம் போய்விடும். விதியை நிறுத்த அதன் எண்ணை டிசேபிள் டாட் கான்ஃபிலும், டிராப்புக்கு மாற்ற டிராப் டாட் கான்ஃபிலும் போடுங்கள். சொந்த விதிகளுக்குத் தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

விதி மாறியதும் சிலர் நேராக ரீஸ்டார்ட் அடிக்கிறார்கள். அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதுதான் மேலே சொன்ன கியூ கதை. முதலில் ‘-T’ (பெரிய எழுத்து) ஆப்ஷனோடு சூரிகாட்டாவை ஓட்டி, அமைப்புகள் இருக்கும் யாமல் கோப்பும் விதிகளும் சரியாகப் படிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். பிழை இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும் சூரிகாட்டாவுக்குக் கட்டளை அனுப்பும் சூரிகாட்டா-எஸ்சி வழியாக ‘ரீலோட்-ரூல்ஸ்’ போதும். இன்டர்ஃபேஸ், கியூ போன்ற அமைப்புகளைத் தொட்டால்தான் ரீஸ்டார்ட் தேவைப்படும். அதையும் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.