விருந்துச் சமையலை நண்பர்களோடு பிரித்துக்கொள்ளும்போது

"ஆளுக்கு ஒன்று கொண்டு வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் நாலு பேர் இனிப்போடு வந்து நிற்பார்கள், அதனால் யார் எதைச் செய்வது என்று முதலிலேயே பெயர் போட்டுப் பிரித்துவிடுங்கள். சுடச்சுட இறக்க வேண்டியதை விருந்து நடக்கும் வீட்டுக்காரரே செய்வதுதான் சரி. மற்றவர்கள் ஆறினாலும் சுவை குறையாததைக் கொண்டு வரட்டும், இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் எல்லோரும் ஒரே அடுப்புக்குக் காத்திருக்க வேண்டிவரும். சமைக்க நேரமில்லாதவர் பழமும் ஐஸ் கட்டியும் வாங்கி வந்தாலே பெரிய உதவி. அப்புறம், யாருக்காவது வேர்க்கடலை, பால், முட்டை ஒவ்வாமை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சமைத்ததைச் சூடாகவோ குளிரவைத்தோ வைக்காமல் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள், வரும் வழியில் ஆகும் நேரமும் இதில் சேரும்.