ஆங்கில இலக்கணத்தில் நாம் வழுக்கும் இடங்கள்

இலங்கை மலையகத்தில் ஆங்கிலம் படிக்கிறவர்கள் விடும் பிழைகளைக் கொஞ்சக் காலம் கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் பிழை விடுகிறார்கள். மஸ்கெலியாவில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் பிள்ளையும், எல்ல பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போகும் தம்பியும், கொழும்பில் கடையில் நிற்கும் தங்கச்சியும் "ஐ டிட் நாட் வென்ட்" என்றுதான் சொல்கிறார்கள். "உங்களுக்கு இங்கிலீஷ் ஏறாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ் ஒரு பக்கமும் ஆங்கிலம் இன்னொரு பக்கமும் பிரிந்து போகிற சந்திகள் சில இருக்கின்றன. அங்கேதான் வழுக்குகிறது. அந்த இடங்களைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் தானாகக் குறையும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவது வாசிக்க வசதிக்காக. உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள். தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தால் உச்சரிப்பும் கெடும், எழுத்துக்கூட்டலும் வராது.

இலக்கணத்துக்குப் போவதற்கு முன் பேச வேண்டியது பயத்தைப் பற்றி. நம் பெரியவர்களுக்கு ஆங்கிலம் என்றால் தோட்டத் துரையின் மொழி, ஆபிஸ் மொழி. 1815இல் கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போனது. அதன்பின் கோப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம். செக்ரோல் என்ற வேலைப் பதிவு, கணக்கு எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. அந்த மொழி கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. பிழையாகப் பேசினால் தலைகுனிவு என்ற எண்ணம் அங்கிருந்துதான் தொடர்ந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கு நிலைமை வேறு. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி இலங்கையில் ஆங்கிலம் இணைப்பு மொழி. உலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் சுமார் 150 கோடிப் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 40 கோடிக்கும் குறைவு. மற்ற எல்லோரும் நம்மைப் போலப் படித்துப் பேசுகிறவர்கள். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் இன்றும் ஆங்கிலத்தில் நடக்கிறது. அங்கிருந்து தேயிலை போவது ஈராக், துருக்கி, ரஷ்யா போன்ற நாடுகளுக்கு. யாருக்குமே ஆங்கிலம் தாய்மொழி இல்லை, கடிதமும் கணக்கும் மட்டும் ஆங்கிலத்தில். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கும் ஜெர்மன்காரரும் பாடசாலையில் படித்த ஆங்கிலத்தைத்தான் பேசுகிறார்.

ஆகவே லண்டன் உச்சரிப்பைப் பிடிக்க மாதக் கணக்கில் மினக்கெடுவது தேவையில்லாத வேலை. தெளிவாகப் பேசினால் போதும். தெளிவைக் கெடுக்கிற இலக்கணப் பிழைகளை மட்டும் முதலில் திருத்த வேண்டும்.

எந்தப் பிழை தெளிவைக் கெடுக்கும்? நான் முதலிடம் கொடுப்பது யெஸ், நோ சொல்லும் இடத்துக்கு. எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு தங்கச்சி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். மேனேஜர் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யூ ஹாவின்ட் வேர்க்ட் இன் எ ஹோட்டல் பிஃபோர்?" என்று கேட்டார். அவள் உடனே "யெஸ் சேர்" என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, எந்த ஹோட்டல் என்று கேட்டார். அவள் திகைத்துப்போய் "நோ சேர், நோ ஹோட்டல்" என்றாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள் என்று அவர் நினைத்திருப்பார். அவள் சொன்னதோ முழு உண்மை. "முன்னே ஹோட்டல்ல வேலை செஞ்சதில்லையா?" என்று தமிழில் கேட்டால் நாம் "ஆமா சேர், செஞ்சதில்ல" என்றுதானே சொல்வோம்? தமிழில் ஆமா என்பது கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்வது. ஆங்கிலத்தில் யெஸ், நோ இரண்டும் நடந்த விஷயத்தைப் பார்த்துச் சொல்பவை. நடந்திருந்தால் யெஸ், நடக்கவில்லை என்றால் நோ. கேள்வி எந்தப் பக்கமாக வந்தாலும் அதில் மாற்றமில்லை. வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாமல் "நோ, ஐ ஹாவின்ட்" என்று அரை வசனமாவது சேர்த்துச் சொல்லிப் பழகினால் இந்தக் குழப்பம் வராது. "வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?" என்று கேட்பதும் இதே மாதிரிதான். காத்திருக்க உங்களுக்குச் சிரமமா என்று கேட்கிறார்கள். சிரமமில்லை என்றால் "நோ, நாட் அட் ஓல்".

அடுத்தது "மூன்று வருடமாக". தமிழில் "மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் "ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று சொல்லிவிடுகிறோம். இதில் இரண்டு பிழை. நேற்றுத் தொடங்கி இன்றும் தொடர்கிற விஷயத்துக்கு ஆங்கிலத்தில் ஹாவ் போட வேண்டும்: "ஐ ஹாவ் வேர்க்ட் ஹியர் ஃபோர் த்ரீ இயர்ஸ்." ஹாவை விட்டுவிட்டு "ஐ வேர்க்ட் ஹியர் ஃபோர் த்ரீ இயர்ஸ்" என்று சொன்னால், முன்பு மூன்று வருடம் இருந்தேன், இப்போது இல்லை என்று பொருள் வந்துவிடும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு சொல் பெரிய வித்தியாசம். சின்ஸ், ஃபோர் இரண்டையும் பிரிக்கத் தமிழே உதவி செய்கிறது. "2021இலிருந்து" என்று தொடங்கிய இடத்தைச் சொன்னால் சின்ஸ். "மூன்று வருடமாக" என்று நீளத்தைச் சொன்னால் ஃபோர்.

"டிட் நாட் வென்ட்" ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது? "போகவில்லை" என்ற சொல்லைப் பாருங்கள். அதில் காலமே கிடையாது. "நேற்று போகவில்லை" என்றாலும் "இன்றைக்குப் போகவில்லை" என்றாலும் ஒரே சொல்தான். ஆங்கிலத்துக்கு வரும்போது, இறந்தகாலம் எங்கேயாவது வர வேண்டுமே என்று தேடி வென்டைப் போட்டுவிடுகிறோம். டிட்டிலேயே இறந்தகாலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வினைச்சொல் வெறுமையாக நிற்க வேண்டும். "ஐ டிட் நாட் கோ." டஸ் வரும்போதும் இதே கதை. "ஷீ வேர்க்ஸ்" என்பதில் இருந்த எஸ், கேள்வி கேட்டவுடன் டஸ்ஸுக்குப் போய்விடுகிறது: "டஸ் ஷீ வேர்க்?" காலமும் எஸ்ஸும் ஒரு தடவைதான் வரும். இந்த விதி வகுப்பில் எல்லோருக்கும் புரிகிறது, வாய்க்கு வர மட்டும் நாளாகிறது. சத்தமாகச் சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

வினைச்சொல்லின் கடைசியில் ஒட்டும் ஐஎன்ஜி பிரச்சினையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "வேலை செய்கிறேன்" என்பது தினமும் செய்வதையும் குறிக்கும், இந்த நிமிடம் செய்வதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அவை இரண்டு வடிவங்கள். "ஐ ஆம் லிவிங் இன் கொட்டகலை" என்று சொன்னால், இப்போதைக்கு அங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்பவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. பிறந்து வளர்ந்த ஊர் என்றால் "ஐ லிவ்" போதும். அறிவது, வைத்திருப்பது, விரும்புவது போன்றவற்றுக்கு ஐஎன்ஜி வேண்டாம். "ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்", "ஐ நோ ஹிம்."

இனி, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் எ, ஆன், த. இதைத்தான் பலர் கடைசிவரை கைவிட்டுவிடுகிறார்கள். தமிழில் இது இல்லை, அதனால் நமக்கு வராது என்று சொல்வார்கள். முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. "தேத்தண்ணி குடித்தேன்" என்பதற்கும் "தேத்தண்ணியைக் குடித்தேன்" என்பதற்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். முதலாவது ஏதோ ஒரு தேத்தண்ணி. இரண்டாவது, மேசையில் வைத்திருந்தது, அம்மா ஊற்றி வைத்தது, இருவருக்கும் தெரிந்த தேத்தண்ணி. அந்த "ஐ" உருபு வரும் இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் த வரும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பிடிமானம் நான் பார்த்ததில்லை. எ, ஆன் இரண்டும் அதைவிட லேசு. "ஒரு வருடம்", "ஓர் ஆண்டு" என்று நாமும் அடுத்த ஓசையைப் பார்த்துத்தானே மாற்றுகிறோம்? ஆங்கிலத்திலும் ஓசைதான் கணக்கு, எழுத்து இல்லை. யூனிவர்சிட்டி யகர ஓசையில் தொடங்குவதால் எ. மணித்தியாலத்தைக் குறிக்கும் "அவர்" என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்தான எச் ஒலிக்காததால் ஆன்.

வேற்றுமை உருபுகளால் வரும் சிக்கலும் ஒன்று உண்டு. "ஹட்டனுக்குப் போய்ச் சேர்ந்தேன்" என்பதில் "கு" இருப்பதால் "ரீச்ட் டு ஹட்டன்" என்கிறோம். "வீட்டுக்குப் போனேன்" என்பதால் "வென்ட் டு ஹோம்". இரண்டிலும் டு தேவையில்லை. "அதைப் பற்றிப் பேசினோம்" என்பதால் "டிஸ்கஸ்ட் அபௌட்" என்கிறோம். அங்கே அபௌட் வேண்டாம். தமிழில் "இல்" ஒன்றே பஸ்ஸில், காரில், ஸ்டேஷனில் எல்லாவற்றுக்கும் போதுகிறது. ஆங்கிலத்தில் எழுந்து நடக்கக்கூடிய வாகனத்துக்கு ஓன், உள்ளே உட்கார்ந்தே போகும் சின்ன வாகனத்துக்கு இன்: "ஓன் த பஸ்", "ஓன் த டிரெயின்", "இன் எ கார்", "இன் எ த்ரீவீல்". இடத்தைக் குறிப்பிடும்போது "அட் த ஸ்டேஷன்".

இவ்வளவையும் விட்டுவிட்டு வகுப்புகளில் என்ன செய்கிறார்கள்? பன்னிரண்டு காலங்களை அட்டவணை போட்டுக் கொப்பியில் எழுதவைக்கிறார்கள், அப்புறம் செயப்பாட்டு வினை. பிள்ளை பன்னிரண்டையும் ஒப்பிக்கும். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க வாய் வராது. அந்தப் பன்னிரண்டில் நான்கைந்தை வைத்தே அன்றாடப் பேச்சு முழுவதையும் நடத்தலாம். பரீட்சைக்கு அட்டவணை வேண்டுமென்றால் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சுக்கு அதிலிருந்து தொடங்காதீர்கள்.

நமக்கு ஏற்கனவே ஓர் அனுபவம் இருக்கிறது, அதை மறந்துவிடுகிறோம். நம்மில் பலர் சிங்களம் கற்றது எந்த இலக்கணப் புத்தகத்தில்? கடையில், பஸ்ஸில், வேலைத்தளத்தில் பிழையோடு பேசிப் பேசித்தான். யாரும் வெட்கப்படவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஒரு பிழை வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறோம். ஆனால் சிங்களம் நமக்கு வேகமாக வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் வசன அமைப்பு தமிழைப் போன்றது: வினை கடைசியில் வரும், உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், "மட்ட படகினி" என்பது "எனக்குப் பசிக்கிறது" என்பதைப் போலவே நிற்கும். ஆங்கிலத்தில் எனக்கு என்பதே நான் ஆகிவிடுகிறது: "ஐ ஆம் ஹங்ரி." எனவே சிங்கள நண்பரும் நீங்களும் சேர்ந்து ஆங்கிலம் பழகினால், பேசும் தைரியம் நன்றாக வளரும், ஆனால் இருவருக்கும் ஒரே பிழை வருவதால் ஒருவரை ஒருவர் திருத்துவது கடினம். திருத்துவதற்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

தோட்டப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியருக்குப் பஞ்சம், இது எல்லோருக்கும் தெரிந்ததே. அப்படியொருவர் பக்கத்தில் இல்லாதவர்கள் போனைப் பயன்படுத்தலாம். ஆனால் பலர் அதை ஏறுமாறாகப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் எழுதி, போன் தரும் ஆங்கிலத்தை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். கடிதம் போய்விடும், படிப்பு ஒன்றும் நடக்காது. முதலில் நீங்களே ஆங்கிலத்தில் நாலு வசனம் எழுதுங்கள். அப்புறம் போனிடம் திருத்தச் சொல்லி, எங்கே மாறியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாப் பிழையையும் ஒரே நாளில் துரத்தாதீர்கள். இந்த வாரம் டிட்டுக்குப் பின்னால் வரும் வினையை மட்டும் பாருங்கள். மற்றப் பிழைகள் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த வாரம் சின்ஸும் ஃபோரும்.