தையல் டேப்பில் நூறு வருட முதலமைச்சர்கள்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகள் இரண்டு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஒண்ணுல முதல் முதலமைச்சர் சுப்பராயலு ரெட்டியார்னு இருக்கு, இன்னொண்ணுல ராஜாஜின்னு இருக்கு. எதுங்க மாமா சரி?" இரண்டும் சரிதான் என்றேன். முறைத்தாள்.

பட்டியலை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். பட்டியலில் ஒன்பதரை வருடம் ஆண்டவருக்கும் ஒரு வரி, ஒரு வாரம் இருந்தவருக்கும் ஒரு வரி. அதனால் நாங்கள் அளவெடுத்து வரைந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

படி 1: பொருள்கள்

திருப்பூரில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. கட்டிங் டேபிளில் விரிக்கும் பேப்பர் ரோலின் மிச்சத்தைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கினோம். ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு சாண் அகலம் போதும். கிடைக்காத ஊரில் சார்ட் பேப்பரை நீளவாக்கில் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். பில் போடும் வழவழப்பான ரோல் வேண்டாம், வெயில் பட்டால் கறுத்துவிடும். அப்புறம் பென்சில், நாலைந்து ஸ்கெட்ச், ஒரு தையல் டேப்.

இந்த டேப்தான் விஷயமே. அதில் 150 செ.மீ. இருக்கிறது. செ.மீ. எண்ணோடு 1900ஐக் கூட்டினால் வருடம் வந்துவிடும். 20 என்றால் 1920, 67 என்றால் 1967, 101 என்றால் 2001. தனியாகக் கணக்கே போட வேண்டாம்.

நான் முதல் தடவை டேப்பின் இஞ்சு பக்கத்தை வைத்து அளந்துவிட்டேன். காமராஜர் பாதியில் இருக்கும்போதே 60இல் டேப் முடிந்துவிட்டது, அண்ணாவுக்கு இடமில்லை. பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 2: தேதியை மில்லிமீட்டராக்குங்கள்

54 என்ற கோடு 1954 ஜனவரி 1. ஒரு மாதம் 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஏப்ரல் தொடக்கம் இரண்டரை மி.மீ., ஜூலை 5, அக்டோபர் ஏழரை. இதற்கு மேல் துல்லியம் பார்த்தால் கண்தான் வலிக்கும்.

காமராஜரை வைத்துப் பழகுங்கள். 1954 ஏப்ரல் 13இல் பதவியேற்றார்: 54ஐத் தாண்டி 3 மி.மீ. 1963 அக்டோபர் 2இல் விலகினார்: 63ஐத் தாண்டி ஏழரை மி.மீ. நடுவில் ஒன்பதரை செ.மீ. கட்டம். இதைவிட நீளமான, இடைவெளி விழாத கட்டம் இந்தக் காகிதத்தில் வேறு யாருக்கும் வராது.

படி 3: மூன்று செங்குத்துக் கோடுகள்

20, 37, 52 ஆகிய இடங்களில் சிவப்புக் கோடு போடுங்கள். அக்கா மகளின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

1920இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு வந்தது இரட்டை ஆட்சி. நீதிக்கட்சி வென்றது, காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்திருந்தது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் பதவி வேண்டாம் என்றதால் சுப்பராயலு ரெட்டியார் டிசம்பர் 17இல் முதல் மந்திரி ஆனார். ஆனால் கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரியான துறைகள்தான் மந்திரிகள் கையில். நிதியும் போலீசும் கவர்னர் பக்கம். வாக்குரிமையும் சொத்து, வரி உள்ளவர்களுக்குத்தான்.

1937இல் மாகாண சுயாட்சி வந்தது, எல்லாத் துறைகளும் மந்திரிகளிடம் வந்தன. அப்போது அந்தப் பதவிக்குப் பெயர் பிரதமர். பழைய ஆட்கள் 'சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். 1952 தேர்தல்தான் வயது வந்த எல்லோரும் வாக்களித்து அமைந்த முதல் சட்டமன்றம். அதிலும் முதல்வர் ராஜாஜி. ஆக, எந்தச் சிவப்புக் கோட்டிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து 'முதல்' மாறும். தேர்வில் கேள்வியின் வார்த்தையைக் கவனியுங்கள்: மாகாணமா, மாநிலமா, தமிழ்நாடா? மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது 1969 ஜனவரி 14. அன்றைக்கு முதல்வர் அண்ணா.

படி 4: ஆள் இல்லாத இடங்கள்

பெயர்களுக்கு முன்னால் வெற்றிடங்களைப் பென்சிலால் கோடு கோடாக நிரப்பிவிடுங்கள். இரண்டாம் உலகப்போரில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. 1939 அக்டோபர் 29 முதல் 1946 ஏப்ரல் 30 வரை ஆறரை செ.மீ. கவர்னர் ஆட்சி. இவ்வளவு பெரிய வெற்றிடம் என்று காகிதத்தில் பார்க்கும் வரை எனக்கே உறைக்கவில்லை.

குடியரசுத் தலைவர் ஆட்சி நான்கு முறை. 1976 ஜனவரி கடைசியிலிருந்து 1977 ஜூன் வரை 14 மி.மீ., 1980இல் 3 மி.மீ., 1988–89இல் கிட்டத்தட்ட 1 செ.மீ., 1991இல் 4 மி.மீ.

படி 5: பெரிய கட்டங்கள்

இதில் சொல்ல அதிகமில்லை, நிறம் கொடுத்தால் போதும். 21 முதல் 26 வரை பனகல் அரசர். 63 கடைசியிலிருந்து 67 வரை பக்தவத்சலம். 67 மார்ச் முதல் 69 பிப்ரவரி 3 வரை அண்ணா, 2 செ.மீ. கூட இல்லை. 77 முதல் 87 டிசம்பர் 24 வரை எம்.ஜி.ஆர்., நடுவே அந்த 1980 வெற்றிடம். கருணாநிதிக்கு ஒரே நிறம் வைத்து 69–76, 89–91, 96–101, 106–111 என்று நிரப்பி, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்: 19 செ.மீ.க்கு ஒரு நூல் குறைவு. ஜெயலலிதா 91 முதல் 96 வரை ஒரே துண்டு. 101க்குப் பிறகு அவருடைய கட்டம் துண்டு துண்டாக வரும், இடையில் இரண்டு இடத்திலும், அவர் மறைந்த பிறகு ஒரு இடத்திலும் ஓ. பன்னீர்செல்வம்.

படி 6: பென்சில் முனை அளவு ஆட்சிகள்

அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். 1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு, 3 மி.மீ. வென்ற காங்கிரஸ் பதவியேற்கத் தயங்கி நின்ற நேரம் அது. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்ததும் ஒரு வாரம் நெடுஞ்செழியன். எம்.ஜி.ஆர். மறைந்ததும் மறுபடி அவரே இரண்டு வாரம், அப்புறம் வி. என். ஜானகி 1988 ஜனவரி 7 முதல் 30 வரை. ஜானகியின் ஆட்சி 1 மி.மீ. கூட வராது. ஸ்கெட்ச் முனையே அதைவிடத் தடிமன். இவர்களுக்குக் கட்டம் போடாமல் கூரான பென்சிலால் ஒரு கோடு மட்டும் கீறி, மேலே அம்பு போட்டுப் பெயர் எழுதுங்கள்.

படி 7: சபைக்கு எப்படி வந்தார்?

ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஒரு எழுத்து. சட்டமன்றத் தொகுதியில் வென்றவர் என்றால் 'ச', மாநிலத்தில் அப்போது இருந்த சட்ட மேலவை என்றால் 'மே'. 1952இல் ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டவர், வாக்காளரிடம் போகவே இல்லை. அண்ணா 1967இல் தென்சென்னையில் நாடாளுமன்றத்துக்கு வென்றவர், அப்புறம் மேலவை வழியாக வந்தார். காமராஜர் முதல்வரான பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். இதற்கு இடம் தருவது அரசியல் சட்டத்தின் 164ஆவது பிரிவு: சபை உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம். ஆனால் 2001இல் வேட்புமனுக்கள் தள்ளுபடியான நிலையில் ஜெயலலிதா பதவியேற்றது செல்லாது என்று செப்டம்பர் 21இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 101இல் தெரியும் 4 மி.மீ. துண்டு அதுதான்.

படி 8: மஞ்சள் பொட்டு

இது எங்கள் வீட்டுச் சேர்க்கை. கொங்கு ஆட்களுக்கு மஞ்சள் பொட்டு வைத்தோம். முதல் பொட்டு திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனுக்கு, 26.9 முதல் 30.8 வரை. கட்சி சாராமல் முதல் மந்திரியானவர். இவர் அமைச்சரவையில் இருந்த முத்தையா முதலியார்தான், அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் வகுப்புவாரி ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தேர்வில் அடிக்கடி வரும். முதல் மந்திரியாக இருந்தவர் பிறகு ராஜாஜியின் 1937 அமைச்சரவையில் சாதாரண அமைச்சராகவும் உட்கார்ந்தார். கோவை எம்.பி.யாக இருந்த பார்வதி கிருஷ்ணன் இவர் மகள்தான்.

அடுத்த பொட்டு எடப்பாடி பழனிசாமிக்கு, 2017 பிப்ரவரி 16. குமாரமங்கலத்திலிருந்து சங்ககிரி வழியாகப் போனால் எடப்பாடி, பக்கம்தான். டேப்பில் இரண்டு பொட்டுக்கும் நடுவே 86 செ.மீ.

ராஜாஜிக்குப் பொட்டு வைப்பதா என்று சண்டை. பிறந்தது ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளி, வக்கீல் தொழில் சேலத்தில், 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கியது திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில். "பத்து வருசம் இங்க தண்ணி குடிச்சவரு நம்மாளுதாங் கண்ணு" என்று அப்புச்சி தீர்ப்பு சொன்னதால் அரைப் பொட்டு. பொள்ளாச்சி செங்குட்டைப்பாளையத்து சி. சுப்பிரமணியத்துக்கு 54இல் வெறும் வட்டம். முதல்வர் யார் என்று முடிவு செய்த காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரிடம் தோற்றவர் அவர். அவரையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராஜர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

கடைசியாக 2021 மே 7, மு. க. ஸ்டாலின்: 121ஐத் தாண்டி மூன்றரை மி.மீ. அங்கிருந்து இன்றைய தேதி வரை யார் யார் இருந்தார்கள் என்று பார்த்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். மீதிக் காகிதத்தை வெட்டிவிட வேண்டாம், 150 வரை டேப் இருக்கிறது. சுருட்டி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.