கடலில் கோடு போடுமுன்: பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே வரிசையாகக் கிடந்த 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அறிவித்த பிறகும் பவளப்பாறைகளை உடைத்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் கரைக்கு அள்ளிவந்தார்கள். 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்த்து, அப்புறம் சுனாமியும் அடித்து ஓய்ந்த பிறகு, 2005 வாக்கில்தான் அது நின்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. இருபது வருடம் பூங்கா பெயரளவில் இருக்க, அதன் அடித்தளத்தையே பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறிவிப்போடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது முதல் தவறு. அடுத்து வரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அந்தக் கடலில் அன்றாடம் இறங்குகிறவர்கள் யார், எந்த மாதத்தில், எந்த வலையோடு, எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று கேட்பதற்கு முன்பே வரைபடம் தயாராகிவிடுகிறது.

எல்லாருக்கும் ஒரே தடை

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுக்கிறார்கள். பாறை அறுக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கையால் பறிக்கிறார்கள். தீவுகளை ஒட்டித்தான் இந்தப் பாசி வளர்கிறது. பூங்காவின் கெடுபிடி இறுகியபோது இவர்களும் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவர்களாக ஆனார்கள். கடலடியைச் சுரண்டிக்கொண்டே போகும் விசைப்படகின் இழுவை மடி வலைக்கும், ஒரு பெண் கையால் பறிக்கும் பாசிக்கும் அந்த வரைபடத்தில் வித்தியாசமே இல்லை.

அந்தப் பெண்கள் செய்ததைக் கடல் மேலாண்மை படிக்கிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் இறங்குவது என்றார்கள். இனப்பெருக்கக் காலத்தில் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடை இருந்தபோது, தாங்களும் அந்த நாட்களில் பாசி எடுப்பதை நிறுத்தினார்கள். பாசி திரும்பத் தழைக்க இடம் கொடுக்கும் விதிகள் இவை. இந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் சீக்காலஜி விருது 2015-இல் கிடைத்தது. இப்படி ஒரு ஏற்பாடு ஊருக்குள்ளேயே இருக்கும்போது அதை எழுத்தில் ஏற்றுக்கொண்டு திட்டத்தின் பகுதியாக்குவதுதான் புத்திசாலித்தனம்.

எனவே கடலை மண்டலங்களாகப் பிரிக்கும்போது தொழில்முறை வாரியாகப் பிரியுங்கள். இங்கே யாருமே எடுக்கக் கூடாது, இங்கே தூண்டிலும் கைப்பறிப்பும் மட்டும், இங்கே நாட்டுப்படகு வலைகள், இதற்கு அப்பால் விசைப்படகு என்று தெளிவாக இருக்கட்டும். கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கு என்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினாலே பல பாதுகாப்புத் திட்டங்களின் பாதி நோக்கம் நிறைவேறிவிடும்.

கூட்டம் போட்டதாகக் கணக்குக் காட்டுவது

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடல் 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடலோர மக்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தப் பிராணி கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. இந்த வகைப் பாதுகாப்பகத்தை உள்ளூர் மக்களைக் கலந்த பிறகே அறிவிக்க வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தேசியப் பூங்காவைவிட மீனவர்களுக்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு இது. ஆனால் இதை நிர்வகிக்கும் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2002 திருத்தம் போட்ட பட்டியலைப் பாருங்கள்: வனத்துறை, கிராமப் பஞ்சாயத்துகள், வனவிலங்கு அமைப்புகள், வேளாண்மைத் துறை, கால்நடைத் துறை. நிலத்தை மனதில் வைத்து எழுதிய பட்டியல். மீன்வளத் துறை அதில் இல்லை. கடலுக்கு ஒரு குழு அமைக்கிறவர்கள் இந்தப் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது.

இன்னொன்று, கடலோரத்தில் யார் பேச்சு எடுபடும் என்பது. கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளாமை செய்கிறவராக இருக்கலாம். கடல் சம்பந்தமான முடிவை மீனவர் ஊர்க் கமிட்டியோ, ஜமாத்தோ, தேவாலயப் பங்கோ எடுக்கும். அவர்களைக் கேட்காமல் பஞ்சாயத்துத் தீர்மானத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால், முதல் வலையைப் பறிமுதல் செய்யும் நாளில் ஊரே திரண்டு வரும். பெண்கள் வராத கூட்டமும் பாதிக் கூட்டம்தான். மீன் விற்பது, பாசி எடுப்பது, கருவாடு போடுவது எல்லாம் அவர்கள் கையில்.

கூட்டத்துக்கு நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ராமேசுவரம் வட்டாரத்தில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வார நாட்களைப் பங்கு போட்டுக்கொண்டு தொழில் செய்யும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நாட்டுப்படகு கடலுக்குப் போகும் நாளில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பூங்காவில் மீன்பிடிக்கத் தடையுள்ள பரப்பை 2004-இல் 5 சதவீதத்துக்கும் குறைவிலிருந்து 33 சதவீதத்துக்கு உயர்த்தும் முன், பொதுமக்களிடமிருந்து 31,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வாங்கினார்கள். கோடுகள் பல இடங்களில் மாறின. அவ்வளவு நேரம் செலவழித்ததால்தான் அவ்வளவு பெரிய மாற்றம் சாத்தியமானது.

படகிலிருந்து தெரியாத எல்லை

வரைபடத்தில் தீர்க்கரேகை, அட்சரேகை என்று நான்கு எண்களைப் போட்டுவிட்டால் எல்லை ஆகிவிடாது. வள்ளத்தில் இருப்பவருக்குக் கண்ணில் படுவது கலங்கரை விளக்கம், கோயில் கோபுரம், தீவின் முனை, பனங்கூட்டம். ஆழத்தை அவர் பாகத்தில், அதாவது இரு கையையும் விரித்த நீளக் கணக்கில் சொல்வார். ஒரு தீவின் முனையிலிருந்து கரையிலுள்ள கோபுரத்துக்கு நேர் பிடித்தால் கிடைக்கும் கோட்டை எல்லையாக வைத்தால் யாரும் தெரியாமல் தாண்டிவிட்டேன் என்று சொல்ல முடியாது. மிதவை போட்டால் அதைப் பராமரிக்கும் பணத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள்; முதல் வாடைக்காற்றிலேயே அறுத்துக்கொண்டு போன மிதவைகள் ஏராளம்.

கோட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதும் திட்டத்துக்குள் வர வேண்டும். உள்ளே மீன் பெருகினால் வெளியே வரும். அதைப் பிடிக்கப் படகுகள் எல்லையை ஒட்டியே வலை விரிக்கும். அந்த ஓரத்தில் இழுவை மடியை அனுமதித்தால், தடையைத் தாங்கிய சிறு மீனவருக்கு வர வேண்டிய பாடு, அதாவது பிடிபடும் மீன், மொத்தமும் விசைப்படகுக்குப் போகும். எல்லைக்கு வெளியே ஒரு அகலத்தை நாட்டுப்படகுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

சீக்கிரம் திறந்துவிடுவது

இதில் பிலிப்பைன்ஸின் சுமிலோன் தீவைப் போலப் பாடம் சொல்லும் இடம் வேறில்லை. ஏஞ்சல் அல்காலா என்ற கடல் உயிரியலாளரின் முயற்சியில், சில்லிமான் பல்கலைக்கழகம் 1974-இல் அந்தத் தீவின் பவளத்திட்டில் ஏறக்குறைய கால் பகுதியை மீன்பிடிக்க மூட வைத்தது. மீதி முக்கால் பகுதியில் பாடு நன்றாக இருந்தது. உள்ளூர் அரசியல் மாறி, 1984-இல் மூடிய பகுதியிலும் வலை இறங்கியது. பிடிக்கும் பரப்பு கூடியதால் மீனும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? இரண்டே ஆண்டுகளில் தீவின் மொத்தப் பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மூடியிருந்த பகுதிதான் வெளியே மீன் அனுப்பிக்கொண்டிருந்தது என்பது அதைத் திறந்த பிறகு எல்லாருக்கும் புரிந்தது.

பக்கத்திலிருக்கும் ஆப்போ தீவு மக்கள் 1982-இல் கரையோரம் 450 மீட்டர் நீளத்துக்கு மட்டும் மூடி, தாங்களே காவல் இருந்தார்கள். அதைத் திறக்கவில்லை. பெரிய மீன்கள் வருடக்கணக்கில் மெதுவாகப் பெருகிக்கொண்டே போயின. களவாய் மாதிரி நிதானமாக வளரும் மீன்களுக்கு மூன்று வருடம் எதற்கும் காணாது. உலகம் முழுக்க 87 பாதுகாக்கப்பட்ட பகுதிகளை ஒப்பிட்டு 2014-இல் வந்த ஆய்வும் இதையே சொன்னது. முழுத் தடை, உண்மையான காவல், பத்து வருடத்துக்கு மேற்பட்ட வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு, ஆழ்நீராலோ மணலாலோ தனித்திருப்பது என்ற ஐந்தில் நான்கு அல்லது ஐந்து அமைந்த இடங்களே வெளியிலுள்ள கடலைவிடத் தெளிவாக மேலாக இருந்தன.

ஆகவே மீனவரிடம் அடுத்த வருடமே மீன் கொட்டும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மூடுவதற்கு முன்பே ஏலக்கூடத்தில் அளவெடுக்கத் தொடங்குங்கள்: எந்த மீன், எவ்வளவு நீளம், ஒரு வள்ளத்துக்கு ஒரு நாள் பாடு எவ்வளவு. இதைக் குறிக்க ஊர் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். தொடக்கக் கணக்கு இல்லாவிட்டால், ஐந்தாம் வருடம் திறக்கச் சொல்லி அழுத்தம் வரும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. அந்த இடைக்காலத்தில் வருமானம் இழப்பவர்களுக்கு என்ன வழி என்பதும் முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும்.

அவசர மாற்றுத் தொழில்

மண்டபம் கரையில் 2000-களின் தொடக்கத்தில் வருமானத்துக்காகக் கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசியை வளர்க்கத் தொடங்கினார்கள். பல குடும்பங்கள், முக்கியமாகப் பெண்கள், அதனால் பிழைத்தார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் 2008-இல் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் அந்தப் பாசி படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பூங்காவைக் காக்கும் வட்டாரத்திலேயே பூங்காவுக்குப் பகை விளைந்தது. புதிய உயிரினம் எதையும் கொண்டுவருமுன், துண்டு அறுந்து போனால் நீரோட்டம் அதை எங்கே கொண்டுபோகும் என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டாலே பாதி விடை கிடைக்கும். உள்ளூர்ப் பாசி இனங்களுக்கு முதலில் வாய்ப்புக் கொடுக்கலாம்.

கரையை மறந்துவிடுவது

மீனவரைத் தடுப்பது எளிது. கழிவுநீரை விடும் நகராட்சியையும் வெந்நீரை விடும் ஆலையையும் தடுப்பது கடினம். அதனாலேயே பல திட்டங்கள் வலையைப் பற்றி மட்டும் பேசுகின்றன. இது மீனவருக்கும் தெரியும், அவர்களின் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. சாக்கடை, துறைமுகத் தூர்வாரல், ஆலைக்கழிவு ஆகியவற்றுக்கும் வலைக்கு இருப்பது போலவே பொறுப்பான ஆள், காலக்கெடு, அபராதம் எல்லாம் மேலாண்மைத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

கடல் சூடாவதை எந்தக் கோடும் தடுக்காது. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் பவளங்கள் சூடு தாங்காமல் நிறமிழந்து வெளுத்துப் பெருமளவில் பாதிக்கப்பட்டன. ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் ஆபத்தான மாதங்கள். அப்போது விசைப்படகுகள் பெரும்பாலும் தடைக்காலத்தில் கரையில் நிற்கும். நங்கூரம் போடும் சுற்றுலாப் படகுகளையும் தூர்வாரும் வேலையையும் அதே மாதங்களில் தீவுகளின் பக்கம் நிறுத்தி வைப்பதற்கு முன்கூட்டியே ஆணை தயாராக இருக்க வேண்டும். வெளுக்கத் தொடங்கிய பிறகு கோப்பு நகர்த்தினால் நேரம் போதாது.